அடுத்தவருக்குச் சின்னச் சின்ன உதவி செய்தால் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தால், உங்களுக்கும் டாக்டர் புதிதாக பிரஷர் மாத்திரை எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். என் கதையைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற வருஷம் பாளையங்கோட்டை வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பிரஷர் 160/100. டிவி செய்தியைப் பார்த்துக் கத்துவேன், காய்கறிக்காரரிடம் கத்துவேன். ஒரு சித்திரை மத்தியானம், நுங்கு விற்கும் அம்மா ஒருத்தி எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் கூடையை இறக்கிவிட்டு, "அண்ணாச்சி, ஒரு செம்பு தண்ணி தாங்க" என்றாள். குடித்துவிட்டு, "வயிறு குளுந்துச்சு" என்று சொல்லிப் போய்விட்டாள். அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாளே காருகுறிச்சிப் பானை ஒன்று வாங்கி, மணல் பரப்பி வாசலில் வைத்தேன். "வேலையத்துப் போய் தண்ணிப்பந்தல் வச்சாச்சு" என்று வீட்டில் கேலி. சரி, இருக்கட்டும். தினமும் ஆறு மணிக்கு எழுந்து பானையைக் கழுவி நிரப்பியாக வேண்டும். குடிக்க வருகிறவர்கள் சும்மா போவதில்லை, ரெண்டு வார்த்தை பேசுவார்கள். ஆட்டோக்காரர் மகளின் பிளஸ் டூ மார்க்கு வரை எனக்குத் தெரியும். ஆடியில் போய்ப் பார்த்தபோது பிரஷர் 138/86.

உடனே சண்டைக்கு வராதீர்கள். மாத்திரையை நிறுத்தவில்லை, அப்பளம் ஊறுகாயையும் குறைத்தேன். பானையால்தான் இறங்கியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 2016இல் வெளியான கனடா ஆய்வு ஒன்று உண்டு. ரத்த அழுத்தம் உள்ள வயதானவர்களுக்கு வாரம் 40 டாலர் வீதம் மூன்று வாரம் கொடுத்து, சிலரைத் தங்களுக்கும் சிலரை அடுத்தவருக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். அடுத்தவருக்குச் செலவழித்தவர்களுக்கு அழுத்தம் குறைவாக இருந்தது. அதிலும் நெருங்கியவர்களுக்குச் செலவழித்தால் பலன் கூடுதலாம். இதை என் வீட்டில் சொல்லவில்லை, பட்டுச்சேலையில் போய் நிற்கும்.

இதற்கு நடுவே, குழாய் பதிக்கிறோம் என்று எங்கள் தெருவைத் தோண்டி ஒன்பது மாதம் ஆகிறது. மண்ணைத் தள்ளி மூடியதோடு சரி, தார் போட ஆள் இல்லை. புழுதி பூராவும் என் பானை மேல்தான். மனு கொடுத்தால் "அது எங்க வேலை இல்ல" என்கிறார்கள்.

அப்புறம் டம்ளர். சங்கிலி போட்டுக் கட்டினாலும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். நேற்றோடு நாலு. டம்ளர் போன நாளில் மட்டும் நான் பிரஷர் பார்ப்பதில்லை.