15 வயதில் மாறிய குணம் நிலைத்துவிடுமா?

செங்கோட்டைச் சகோதரிக்கு வணக்கம். 10 வயதில் எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகிய மகன் 15 வயதில் சிடுசிடுப்பதும், புத்தகங்களைப் போட்டது போட்டபடி விடுவதும் இனி மாறாத குணமோ என்று அஞ்சுகிறீர்கள். அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். பொறுப்புணர்வும் இணக்கமும் பதின்பருவத் தொடக்கத்தில் சற்றே இறங்கிப் பின்னர் ஏறுவதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடரும் 92 நீள்கால ஆய்வுகளைத் தொகுத்து உளவியலாளர் பிரெண்ட் ராபர்ட்ஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட பகுப்பாய்வு, பொறுப்புணர்வும் மனநிதானமும் மிகுதியாக வளர்வது 20 முதல் 40 வயதுக்குள் என்று காட்டியது. கேரளத்தின் புனலூரில் மாமா வீட்டில் விட்டால் திருந்துவான் என்னும் உங்கள் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. மலையாளம் பேசும் புதிய வகுப்பில், தோழர்கள் எவருமின்றி, அவன் மேலும் ஒடுங்கக்கூடும் என்பதால், முதலில் அவனுடைய விருப்பத்தைக் கேளுங்கள். ஆனால் உறக்கமும் உணவும் குறைந்து, நண்பர்களையும் விட்டு விலகினால், அதைக் குணமாற்றமென்று எண்ணாமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.