சட்டம் படிக்க முன் எந்தப் பாடம்?

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் அளவையியல், அரசறிவியல், தமிழ் ஆகிய பாடங்களில் சித்தியடைந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதற்பட்டப் படிப்புக்கு அனுமதி பெற்றிருக்கிறாள். பின்னர் அங்கேயே சட்டம் படித்துச் சட்டத்தரணியாவது அவளது எண்ணம். மெய்யியலைச் சிறப்புப் பாடமாக எடுக்க அவள் விரும்புகிறாள். உறவினர்களோ அரசறிவியல் படித்தால்தான் இடம் கிடைக்கும் என்கிறார்கள். எதைத் தெரிவுசெய்வது?
– தாய் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: மகளின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். நம் நாட்டில் உயர்தரம் முடித்தவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்டபீடத்துக்கோ, நுழைவுப் பரீட்சை எழுதிப் புதுக்கடையிலுள்ள சட்டக் கல்லூரிக்கோ நேரே செல்லலாம். அமெரிக்காவிலோ, வழக்கமாக நான்கு ஆண்டுகள் எடுக்கும் முதற்பட்டத்தை முடித்த பின்னரே ஜே.டி. எனப்படும் மூன்றாண்டுச் சட்டப் பட்டப்படிப்பில் சேர்கிறார்கள். அந்த முதற்பட்டம் இன்ன பாடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. அங்குள்ள சட்டக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கமும் எந்தவொரு பாடத்தையும் குறிப்பிட்டுப் பரிந்துரைப்பதில்லை.

தெரிவில் அதிகம் எடைபோடுபவை பட்டப்படிப்பில் பெற்ற சராசரிப் புள்ளியும், 120 முதல் 180 வரை புள்ளியிடப்படும், சட்டக் கல்லூரி அனுமதிக்கான எல்சாட் பரீட்சையுமே. 2024 ஆகஸ்ட் முதல் அப்பரீட்சையில் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. இப்போது புள்ளி வழங்கப்படும் மூன்று பகுதிகளில் இரண்டு தருக்க முறையில் வாதங்களை ஆராய்வதையும், ஒன்று வாசித்து விளங்குவதையும் சோதிக்கின்றன. வாதத்தின் அடிப்படையான எடுகூற்றிலிருந்து முடிவுக்கூற்று உண்மையில் பெறப்படுகிறதா என்று அளவையியல் வகுப்பில் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு மெய்யியல் அந்தப் பழக்கத்தையே மேலும் கூர்மையாக்கும் என்பதால், அவளது விருப்பம் எனக்கு மிகவும் பொருத்தமாகவே படுகிறது. மனமில்லாமல் எடுத்த பாடத்தில் புள்ளி குறைந்தால், அது அரசறிவியலாக இருந்தாலும் விண்ணப்பத்தைப் பலவீனப்படுத்தும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். கண்டுபிடிப்புகளுக்கு உரிமை வழங்கும் அமெரிக்க ஆக்கவுரிமை அலுவலகத்தின் முன் விண்ணப்பதாரர்களுக்காகத் தோன்றும் தகுதியைப் பெற, பொதுவாக விஞ்ஞான அல்லது பொறியியல் பின்னணி அவசியம். உங்கள் மகளுக்கு அந்தத் துறையில் நாட்டம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

பாடத்தின் பெயரைவிட, நீண்ட கட்டுரைகள் எழுதவைத்து அவற்றைத் திருத்தித் தரும் விரிவுரையாளர்களைத் தேடிப் படிப்பதே முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சட்டக் கல்லூரிகள் கேட்கும் பரிந்துரைக் கடிதங்களை, அவளது எழுத்தை அறிந்த அத்தகையோரால்தான் மனமார எழுத முடியும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சிறப்புப் பாடத்தை இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் அறிவித்தால் போதும். ஆகவே முதலாம் ஆண்டில் மெய்யியலிலும் அரசறிவியலிலும் ஒவ்வொரு பாடநெறியை எடுத்துப் பார்த்துவிட்டு, அவளே முடிவெடுக்கட்டும்.