சாவடிக் கதவில் ஒட்டிய தாள்: வெளிநாட்டுத் தேர்தல் பார்வையாளர்கள் பற்றிய கேள்வி பதில்

வேலூரில் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவரும், பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியவருமான பேராசிரியை ஒருவர், மக்களாட்சிக்குப் புதிதாக வந்த நாடுகளின் தேர்தல்களை வெளிநாட்டுப் பார்வையாளர்கள் எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்ற கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

குடியாத்தம் வாசகர்: அம்மா, வெளிநாட்டுப் பார்வையாளர் முறைகேட்டைக் கண்டால் வாக்குப்பதிவை நிறுத்த முடியுமா?

முடியாது. நம் தேர்தல் ஆணையம் அமர்த்தும் பார்வையாளருக்கு, சாவடி கைப்பற்றப்பட்டது போன்ற நேரங்களில் வாக்கு எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே உண்டு. வெளிநாட்டுப் பார்வையாளரோ அந்நாடு அழைத்ததால் வந்த விருந்தினர். பார்க்கலாம், கேட்கலாம், குறித்துக்கொள்ளலாம், அறிக்கை வெளியிடலாம். 2005 அக்டோபர் 27 அன்று ஐக்கிய நாடுகள் அவையில் ஏற்கப்பட்ட கோட்பாட்டு அறிக்கையும், தேர்தல் பணியில் குறுக்கிடக் கூடாது என்றே அவர்களைக் கட்டுப்படுத்துகிறது.

ஆற்காடு வாசகி: இரண்டு பேர் ஒரு நாளில் பத்துச் சாவடிகளைப் பார்த்துவிட்டு நாடு முழுவதற்கும் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது; சொல்லவும் கூடாது. அதனால்தான் ஒரு சிறு குழு வாரக்கணக்கில் முன்னதாகவே வந்து, வாக்காளர் பட்டியல், வேட்புமனு நிராகரிப்பு, வானொலியில் யாருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதையெல்லாம் கவனிக்கிறது. எண்ணிக்கையைச் சரிபார்க்க வேறொரு வழியும் உண்டு. நாடெங்கும் சீட்டுக் குலுக்கியதுபோல் தேர்ந்தெடுத்த சாவடிகளில் உள்ளூர்த் தன்னார்வலர்களை அமர்த்தி, அங்கே அறிவிக்கப்படும் முடிவுகளை வாங்கி, அவற்றிலிருந்து நாட்டின் மொத்த முடிவைக் கணிப்பார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இதற்குப் பொருந்தும், ஆனால் மேலாக இருக்கும் பருக்கையை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடிப்பிடித்தது தெரியாது. சாலையோரச் சாவடிகளை மட்டும் பார்த்துத் திரும்பும் குழுக்களை நான் நம்புவதில்லை.

காட்பாடி வாசகர்: கென்யாவில் 2017-இல் பார்வையாளர்கள் பாராட்டிய தேர்தலை நீதிமன்றமே ரத்து செய்தது. அப்படியானால் இவர்களால் என்ன பயன், அம்மா?

நியாயமான கேள்வி. ஆகஸ்ட் 8 அன்று மக்கள் பொறுமையாக வரிசையில் நின்றார்கள், சாவடிகளில் எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒழுங்காக நடந்தது. பார்வையாளர்கள் கண்டது அதைத்தான், கண்டதைப் பாராட்டினார்கள். அங்கே வாக்குகள் அந்தந்தச் சாவடியிலேயே எண்ணப்பட்டு, படிவம் 34-ஏ என்னும் தாளில் எழுதப்பட்டு, அதன் படி கதவில் ஒட்டப்படும். பிறகு மின்னணு வழியாகத் தலைநகருக்குச் செல்லும். சிக்கல் இந்தப் பயணத்தில்தான் இருந்தது. முடிவுகள் அனுப்பப்பட்ட விதத்தில் விதிமீறல்கள் உண்டென்றும், தான் கேட்டபடி தேர்தல் ஆணையம் தன் கணினிப் பதிவுகளைத் திறந்து காட்டவில்லை என்றும் கண்ட உச்ச நீதிமன்றம், செப்டம்பர் 1 அன்று, பதவியிலிருந்த அதிபரின் வெற்றியைச் செல்லாது என்று அறிவித்தது.

முதற்கட்ட அறிக்கைகள் வாக்குப்பதிவு முடிந்த ஓரிரு நாளிலேயே வந்துவிடுகின்றன. சாவடி முடிவுகளைக் கூட்டித் தொகுக்கும் பணி இன்னும் முடியவில்லை என்று அவற்றில் எழுதியிருந்தாலும், செய்தித்தாள்களில் பாராட்டுத்தான் தலைப்பாகிறது. பயனில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாள்களின் எண்கள் கூட்டப்படும் அறையில் அமராமல் பாராட்டுவதை அவர்கள் கைவிட வேண்டும் என்று வலுவாகவே சொல்வேன்.

நம்மிடம் எண்ணிக்கை ஒரு பொது மையத்தில் நடப்பதால் நடைமுறை வேறு. ஆனாலும் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17-சி-யின் நகலை, ஒவ்வொரு பூத் ஏஜெண்டின் கையிலும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பிறகே நான் பெட்டியைக் கட்டியிருக்கிறேன்.

வாலாஜாபேட்டை வாசகர்: பணப் பட்டுவாடாவை அவர்களால் கண்டுபிடிக்க முடியுமா?

அரிதாகத்தான். அது இரவில், உள்ளூர் மொழியில், தெரிந்தவர் கையால் நடப்பது. 2019 ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த நம் வேலூர் மக்களவைத் தேர்தல், பெருந்தொகை பிடிபட்டதையடுத்து இரண்டு நாள் முன்னதாக ரத்து செய்யப்பட்டு, ஆகஸ்ட் 5 அன்று நடந்ததை நாம் மறக்கவில்லை. அதை வெளிக்கொணர்ந்தது சோதனை நடத்தும் அதிகாரம்; பார்வையாளரிடம் அது கிடையாது.

காட்பாடியிலிருந்து மற்றொரு வாசகி: எங்கள் மாடியில் குடியிருக்கும் மலாவி நாட்டு மாணவர், தங்கள் தேர்தலை உள்ளூர் மக்களே காப்பாற்றினார்கள் என்கிறார். உண்மையா, அம்மா?

பெரிதும் உண்மை. 1994-இல் பல கட்சித் தேர்தலுக்குத் திரும்பிய அந்நாட்டில், 2019 மே 21 அன்று நடந்த வாக்குப்பதிவைப் பற்றியும் வெளிநாட்டினரின் முதல் அறிக்கைகள் பெரும்பாலும் நல்லவிதமாகவே இருந்தன. பின்னர், முடிவுத் தாள்களில் வெள்ளை மை பூசி எண்கள் திருத்தப்பட்டிருந்தது தெரியவந்து, மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 2020 பிப்ரவரி 3 அன்று 5 நீதிபதிகள் அந்த அதிபர் தேர்தலை ரத்து செய்தார்கள். ஜூன் 23 அன்று மறுதேர்தல் நடந்தபோது கொரோனாவால் வெளிநாட்டுக் குழுக்கள் பெரிய அளவில் வரவில்லை. எதிர்க்கட்சி வேட்பாளர் வென்றார்.

உங்கள் மாணவரிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: அவருடைய ஊர்ச் சாவடியின் கதவில் அந்தத் தாள் ஒட்டப்பட்டதா, அதைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டவர் யார்?