ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் ஸ்கைலைனர் (ஹோட்டல்களையும் பார்க்குகளையும் இணைக்கும் ரோப் கார்) போகும் ஹோட்டலாகப் பார்த்து எடுப்பது நல்லதா? ஏசி இல்லாத கோண்டோலாவில் குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாமா?

எடுங்கள். அங்கே உள்ள பார்க்குகளில் எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும்தான் அதிகம் போகப் போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். குழந்தைகள் சின்னவர்கள், மேஜிக் கிங்டம்தான் முக்கியம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள், ஏனென்றால் ஸ்கைலைனர் அங்கே போகாது. அனிமல் கிங்டமுக்கும் போகாது. இந்த ஹோட்டல்களிலிருந்து அந்த இரண்டுக்கும் பஸ்தான்.

ஏசி விஷயத்துக்கு வருகிறேன். 2017 ஜூலையில் டிஸ்னியின் டி23 ரசிகர் விழாவில் இந்தத் திட்டத்தை அறிவித்த நாளிலிருந்தே டிஸ்னி ரசிகர்கள் நடுவில் இதுதான் பெரிய சண்டை. ஃப்ளோரிடா ஜூலை வெயிலில், கண்ணாடிக் கூண்டுக்குள் பத்துப் பேரை அடைத்து, ஏசி இல்லாமல் அந்தரத்தில் தொங்கவிடுவதா என்று ஒரு கூட்டம். ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோரயிலை நீட்டச் சொன்னால் ரோப் காரைக் கொண்டுவந்து தலையில் கட்டுகிறார்களே என்று இன்னொரு கூட்டம். அவர்கள் ஆதங்கத்திலும் நியாயம் உண்டு. மோனோரயில் 1971-இல் பார்க் திறந்தபோதே வந்தது, 1982-இல் எப்காட் வரை நீட்டினார்கள், அதற்கப்புறம் ஒரு அடிகூட நீளவில்லை. மூன்றாவதாக, பழைய ஸ்கைவேயில் போன ஞாபகம் உள்ளவர்கள். மேஜிக் கிங்டத்துக்குள் ஃபேன்டஸிலேண்டிலிருந்து டுமாரோலேண்டுக்குப் போன அந்தத் தொங்கு வண்டியை 1999-இல் மூடினார்கள். அது வேடிக்கைக்கான ரைடு. இதுவோ முழுக்க முழுக்கப் போக்குவரத்துக்கு, கட்டணமும் கிடையாது.

சரி, உள்ளே எப்படி இருக்கும்? எதிரெதிரே இரண்டு மர பெஞ்சுகள், பக்கத்துக்கு ஐந்து பேர். கூட்டம் இல்லாத நேரத்தில் உங்கள் குடும்பத்துக்கே ஒரு கேபினைக் கொடுத்துவிடுவார்கள். காற்று வருவதற்கான திறப்புகளை அதிலேயே வைத்திருக்கிறார்கள், அவற்றை மூட முடியாது. கேபின் ஓட ஓட வெளிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். மணிக்குச் சுமார் 11 மைல் வேகம்தான், ஆனால் அந்த உயரத்தில் அதுவே போதும். ஆகஸ்ட் மதியத்தில் குடும்பத்தோடு போயிருக்கிறேன், தரையில் க்யூவில் நின்றபோது வழிந்த வியர்வை மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது.

ஆனால் இது எல்லாமே கேபின் ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான். நின்றால் காற்றும் நின்றுவிடும். ஒன்றிரண்டு நிமிட நிறுத்தம் சகஜம், சக்கர நாற்காலியில் வருபவர் ஏற நேரம் பிடித்தால்கூட நிறுத்துவார்கள். வெயில் நேரத்தில் அந்த ஒரு நிமிடமே நீளமாகத் தெரியும். எனவே ஏசி இல்லை என்பதைவிட, இது எதனால் நிற்கும், எப்போது நிற்கும் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைக் கட்டியது ஆஸ்திரியாவின் டோப்பல்மாயர், பொலிவியாவில் லா பாஸ் நகரத்துக்கே கேபிள் கார் போட்டுக் கொடுத்த அதே நிறுவனம். கேபிள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டேஷனுக்குள் நுழையும்போது கேபினின் பிடி கேபிளை விட்டுவிடும். மேலே வரிசையாகச் சுழலும் சின்ன டயர்கள் கேபினைத் தள்ளி, நாம் நடக்கும் வேகத்துக்கும் கீழே கொண்டுவந்து, கதவைத் திறந்து, ஆட்களை இறக்கி ஏற்றி, திரும்ப வேகம் கூட்டிக் கேபிளோடு சேர்த்துவிடும். இதனால்தான் க்யூ எவ்வளவு நீளமாக இருந்தாலும் நடந்துகொண்டே இருக்கிறது. பஸ் எப்போது வரும், வந்தாலும் நமக்கு இடம் கிடைக்குமா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலையே கிடையாது. எனக்கு ஸ்கைலைனர் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான். ராத்திரி வாணவேடிக்கை முடிந்து, தோளில் தூங்கும் குழந்தையோடு திரும்புபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கேபின் ஸ்டேஷனில் சிக்கினால் பின்னால் வருவது எல்லாம் நிற்க வேண்டியதுதான். அதுவும் நடந்தது. 2019 செப்டம்பர் 29-ஆம் தேதி திறந்தார்கள், ஒரே வாரத்தில், அக்டோபர் 5 ராத்திரி, எப்காட் லைனில் ரிவியரா ஹோட்டல் ஸ்டேஷனில் கேபின்கள் ஒன்றோடு ஒன்று மோதி நின்றுவிட்டன. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஜனங்கள் அந்தரத்தில் இருந்தார்கள், சிலரைத் தீயணைப்புத் துறையினர் வந்து இறக்கினார்கள். ஒரு வாரத்துக்கு மேல் மூடி வைத்து, அக்டோபர் 14 அன்று திரும்பத் திறந்தார்கள். அந்த வாரம் ரசிகர்கள் எழுதித் தள்ளியதைப் படித்திருந்தால் இதில் இனி யாரும் ஏறமாட்டார்கள் என்றே நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு அதே ஆட்களில் பலர் ஸ்கைலைனர் போகும் ஹோட்டலைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஒவ்வொரு கேபினிலும் அவசரத்துக்கென்று தண்ணீர் அடங்கிய பெட்டி இருக்கிறது, பயப்படுபவர்களிடம் அதை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

இடி, மின்னல், பலத்த காற்று என்றால் முழுக்க நிறுத்திவிட்டு பஸ் விடுவார்கள். கோடையில் மத்திய ஃப்ளோரிடாவில் மதியத்துக்கு மேல் இடிமழை ஏறக்குறைய தினசரிக் கதை. மேகம் கறுக்கிறது என்றால் பார்க்கிலேயே ஒரு கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, மழை விட்டதும் கிளம்புங்கள்.

வயதானவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் அம்மாவுக்கு முட்டி வலி, நகரும் வண்டியில் ஏறமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஊழியரிடம் சொன்னதும் பக்கத்தில் இருந்த தனிப் பாதைக்குக் கூட்டிப் போனார். அங்கே கேபின் லைனை விட்டு விலகி வந்து முழுசாக நிற்கிறது, நிதானமாக ஏறி உட்காரலாம். சக்கர நாற்காலியும் அப்படியே உள்ளே போகும். எல்லா ஸ்டேஷனிலும் தனிப் பாதை இல்லை, இல்லாத இடத்தில் சொன்னால் லைனையே கொஞ்சம் நிறுத்தி ஏற்றிவிடுகிறார்கள். ஸ்ட்ரோலரை மடிக்கத் தேவையில்லை, ரொம்ப அகலமாக இல்லாதவரை உருட்டிக்கொண்டே ஏறலாம்.

அம்மா கேபிளைப் பிடித்துத் தொங்குவது போல பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். ரிவியராவைத் தாண்டியதும் நடுவில் ஒரு ஸ்டேஷன் வரும், அங்கே யாரும் ஏறவோ இறங்கவோ மாட்டார்கள், லைன் திசை திரும்புவதற்காக மட்டும் கட்டியது. கதவு திறக்காமல், மேலே டயர்கள் கடகடவென்று சத்தம் போட, கேபின் மெதுவாக வளைந்து வெளியே வரும். தெரியாதவர்களுக்கு அங்கே கொஞ்சம் பக்கென்று இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதற்கப்புறம்தான் எப்காட், அங்கே நாடு நாடாகக் கட்டியிருக்கும் பெவிலியன்களில் ஃபிரான்ஸ் பெவிலியனின் கூரைகளும் அதன் மாதிரி ஈஃபில் கோபுரமும் பக்கத்தில் வர வர, அம்மா பெஞ்சை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். சில கேபின்களில் கண்ணாடி மேல் கார்ட்டூன் பாத்திரங்களை ஒட்டியிருப்பார்கள், வெளியே பார்க்க அழகு, உள்ளிருந்து பார்த்தால் கொஞ்சம் மங்கல். படம் எடுக்க ஆசை என்றால் ஒட்டாத கேபினுக்குக் காத்திருங்கள்.

எந்த ஹோட்டல்? பணம் பார்த்துச் செலவழிப்பவர்கள் பாப் செஞ்சுரியை எடுக்கலாம். அதுவும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனும் நடுவில் இருக்கும் ஏரிப் பாலத்தில் ஒரே ஸ்டேஷனைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கிருந்து எங்கே போவதானாலும் கரீபியன் பீச்சில் இறங்கி மாற வேண்டும், எல்லா லைன்களும் சேருவது அங்கேதான். கரீபியன் பீச்சிலேயே தங்கினால் மாறுவது மிச்சம், ஆனால் அது பெரிய வளாகம், சில கட்டடங்களிலிருந்து ஸ்டேஷனுக்கு நல்ல நடை. அறை பதிவு செய்யும்போதே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், அம்மா அப்பாவோடு போகிறீர்கள் என்றால் கட்டாயம் கேளுங்கள். ரிவியரா வசதியானது, விலையும் அதற்கேற்றபடி. எப்காட்டில் நீங்கள் இறங்குவது ஃபிரான்ஸ், பிரிட்டன் பெவிலியன்களுக்கு நடுவில் உள்ள பின்வாசலில், அதனால் காலையில் சீக்கிரம் போய்விட்டால் ஃபிரான்ஸில் உள்ள ரட்டட்டூயி ரைடுக்கு முன்வாசல் கூட்டம் வந்து சேர்வதற்குள் நீங்கள் நின்றுவிடலாம்.