பூங்காவை வணிக இடமாக மாற்ற அறிவிப்பு: ஆட்சேபணையில் என்ன எழுதுவது?

கேள்வி: வணக்கம் சார். செங்கோட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். எங்கள் நகர் 1980களில் போட்ட மனைப்பிரிவு. நடுவில் இருக்கும் பூங்காவை வணிக உபயோகத்துக்கு மாற்றப்போவதாகவும், ஆட்சேபணை இருந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் தரலாம் என்றும் பேப்பரில் அறிவிப்பு வந்து ஒன்பது நாளாகிறது. கடைகள் கட்டுவார்களாம். "எழுதி என்ன ஆகப்போகுது" என்கிறார்கள் தெருவில். எழுதினால் பயன் உண்டா?

பதில்: உண்டு அம்மா. முழுமைத் திட்டத்தில் (ஊரில் எந்த இடம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) ஒரு இடத்தின் உபயோகத்தை மாற்றுவது 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருகிற வேலை, அதில் மக்களின் ஆட்சேபணையைக் கேட்பது ஒரு படி, அதைத் தாண்டிக் குதிக்க முடியாது. நீங்கள் எழுதாவிட்டால் "யாரும் ஆட்சேபிக்கவில்லை" என்று கோப்பில் ஒரு வரி ஏறிவிடும். பிறகு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனாலும் முதல் கேள்வி, அப்போது ஏன் பேசவில்லை என்பதுதான்.

ஆனால் "குழந்தைகள் விளையாடுகிறார்கள், பெரியவர்கள் நடக்கிறார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது உண்மைதான், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மனு நிற்காது. அந்த இடம் எப்படிப் பூங்கா ஆனது என்பதில்தான் உங்கள் பலம் முழுக்க இருக்கிறது.

மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது பூங்காவென்று வரைபடத்தில் காட்டி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்த இடம் என்றால் நீங்கள் வலுவான நிலையில் இருக்கிறீர்கள். அந்த வரைபடத்தைக் காட்டித்தான் மனை விற்றார்கள், நீங்கள் கொடுத்த விலையில் பூங்காவும் அடக்கம். நகராட்சி அதை ஊருக்காகக் காத்து வைத்திருக்கிறது, தன் சொத்துபோல வாடகைக்கு விட முடியாது. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது (பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா). வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்றும் நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனைக்கே அந்தப் பதில் என்றால் கடைகளுக்கு என்ன பதில் வரும்? இந்தத் தீர்ப்பை மனுவில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

மாறாக, தனியார் நிலத்தின்மேல் திட்ட வரைபடத்தில் பச்சை நிறம் மட்டும் அடித்து வைத்திருந்தால் கொஞ்சம் கஷ்டம். மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த ஒதுக்கீடு விடுபட்டதாகக் கொள்ள அதே 1971 சட்டத்தின் 38ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் முதல் வகை போலத்தான் தெரிகிறது.

சரி, ஆவணத்துக்கு எங்கே போவது? அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரம், கடைகள் கட்டும் நகர்மன்றத் தீர்மானம் மூன்றின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டினால் போதும். உங்கள் பக்கம் முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது என்பதால், மனைப்பிரிவாவதற்கு முந்தைய மூலப் பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுத் தேதியோடு இருந்தாலும் இருக்கும். 825ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும், தமிழில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, உங்களிடம் மிச்சம் 21 நாள்தான். அதனால் ஆவணம் வரட்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கைவசம் இருக்கும் உங்கள் கிரயப் பத்திரத்தில் மனைப்பிரிவு அனுமதி எண் இருக்கிறதா பாருங்கள், சிலருக்கு வரைபட நகலே இணைத்திருக்கும். சர்வே எண், அறிவிப்பு வந்த தேதி, இந்தக் காரணங்கள் எல்லாம் போட்டு ஆட்சேபணையை முதலில் கொடுங்கள். "கோரிய ஆவணங்கள் கிடைத்ததும் கூடுதல் மனு தருவேன், என் தரப்பை நேரிலும் கேட்க வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள்.

அப்புறம், ஒரே தாளில் இருநூறு கையெழுத்து வாங்குவதைவிட இருபது வீட்டுக்காரர்கள் அவரவர் வார்த்தையில் தனித்தனி மனு கொடுப்பது நல்லது என்பது என் அனுபவம். ஒவ்வொரு மனுவையும் அவர்கள் பரிசீலித்தாக வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடிப் பூங்காவில் வடிகிறது என்பதைத் தேதியோடு படம் எடுத்து வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவர் அதை எழுதட்டும். கடைகள் வேண்டும் என்ற தேவையே பொய் என்று வாதாட வேண்டாம், வேறு எந்த நகராட்சி இடத்தில் கட்டலாம் என்று காட்டுங்கள்.

மனுவை அறிவிப்பில் சொன்ன அலுவலகத்துக்கே கொடுங்கள், பெரும்பாலும் உள்ளூர் திட்டக் குழுமமாக இருக்கும். நகராட்சியில் கொடுத்துவிட்டு வந்தால் கணக்கில் வராமல் போகலாம், அங்கே ஒரு நகல் மட்டும் போதும். உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.