பற்கள் தட்டையாகத் தேய்ந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் கேப் போட வேண்டுமா?

உங்கள் அம்மாவின் கடைவாய்ப் பற்கள் தட்டையாகத் தேய்ந்திருப்பதாகவும், எட்டுப் பற்களுக்கு கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் பல் மருத்துவன் அல்லன். மானிடவியலில் முதுகலை படித்துவிட்டு, கொழிஞ்சாம்பாறையில் உரக்கடை வைத்திருப்பவன். அந்தப் படிப்பால் என்ன பயன் என்று ஊரில் கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் என் அம்மாயியின் (அம்மாவைப் பெற்றவரின்) பற்கள்தான்.

கடந்த ஆண்டு, அவருடைய 72ஆம் வயதில், பாலக்காட்டில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். கீழ்க் கடைவாய்ப் பற்களில் மேடுபள்ளமே இல்லை. நடுவே பல்லின் உள்பகுதியான டென்டின் புளியங்கொட்டை நிறத்தில் தெரிய, அதை மூடியிருக்க வேண்டிய கடினமான மேலுறையான எனாமல் சுற்றிலும் வெள்ளை வரம்பாக மட்டும் நின்றது. இரண்டு நிமிடம் பார்த்தவர், இரவில் பல்லைக் கடிப்பதால் வந்தது என்று முடிவுகட்டி, ஆறு கேப்புக்கு மதிப்புப் போட்டுக் கொடுத்தார். அறுபது ஆண்டுகளாக உமிக்கரியும் உப்பும் வைத்துத் துலக்கியதையோ, திரிகையில் அரைத்த ராகிக் களியையோ, நாளுக்கு ஐந்தாறு முறை போடும் வெற்றிலை பாக்கையோ அவர் விசாரிக்கவே இல்லை.

பழைய மண்டையோடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இத்தேய்மானம் புதிதன்று. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பற்களை ஆராய்ந்த பெக் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், கரடான உணவு உண்டவர்களுக்குப் பல் தேய்வது இயல்பே என்று 1954இல் எழுதினார். வேட்டையாடி உண்டோரின் கடைவாய்ப் பற்கள் தட்டையாகவும், உழுதுண்டோரின் பற்கள் சாய்வாகவும் தேய்ந்திருப்பதை 1984இல் ஹோலி ஸ்மித் என்ற மானிடவியலாளர் காட்டினார். பல் தேயத் தேய மெல்ல மேலெழும். உள்ளே புது டென்டின் படிந்து நரம்பைக் காக்கும். தேய்மானம் மெதுவாக நடந்தால்தான் இதற்கு அவகாசம் கிடைக்கும். அம்மாயிக்குக் கிடைத்திருக்க வேண்டும். குளிர்ந்த மோர் குடித்தாலும் அவருக்குப் பல் கூசுவதில்லை.

வைத்தியத்தைத் தடுக்கிறேன் என்று சண்டைக்கு வருபவர்களுக்காக: கூச்சமோ வலியோ விரிசலோ இருந்தால் சிகிச்சை வேண்டியதுதான். குளிர்பானத்தாலோ, வயிற்றிலிருந்து மேலேறும் அமிலத்தாலோ இளவயதிலேயே பல் குழிந்து வழவழப்பாகக் கரைவதும் வேறு கதை.

கோவையில் பார்த்த இரண்டாவது மருத்துவர் முதலில் விசாரித்ததே வெற்றிலையைப் பற்றித்தான். ஒரு பல்லின் கூரான விளிம்பை மட்டும் ராவிவிட்டு, கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்து, பாக்கினால் வாய்ப்புற்று வரும், உடனே நிறுத்துங்கள் என்றார். ஆறு கேப்புக்குக் கணக்குப் போட்டவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் அம்மா எதை வைத்துப் பல் துலக்குகிறார், என்ன மெல்கிறார், கூச்சம் உண்டா என்பதையும் எழுதுங்கள்.