68 வயதுக் கண்ணை யார் எடுப்பார்கள்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 68. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் கற்றாக் ஒப்பரேஷன் செய்தாகிவிட்டது. இறந்த பிறகு கண்ணையும் மற்ற உறுப்புகளையும் கொடுக்க விரும்புகிறேன். கனடாவில் இருக்கும் மகன், "கிழட்டுக் கண்ணை யாரம்மா எடுக்கப் போறாங்க, பேசாம இருங்க" என்கிறான். என்னோடு இருக்கும் 17 வயதுப் பேரனோ தானும் கையெழுத்து வைக்கப் போவதாக நிற்கிறான். இதற்கு வயதெல்லை என்ன?
(பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி)

பதில்: ரீச்சர், மகன் சொன்னது பிழை. முதலில் அதை அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

கண்தானம் என்றால் முழுக் கண்ணையும் இன்னொருவருக்கு மாற்றி வைப்பதில்லை. கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல் இருக்கிற விழிவெண்படலத்தைத்தான் பொருத்துகிறார்கள். உங்களுக்கு ஒப்பரேஷன் செய்தது அதற்குப் பின்னால் இருக்கும் வில்லையில். சீனி வருத்தம் பெரும்பாலும் கெடுப்பது அதற்கும் பின்னால், கண்ணின் அடியில் இருக்கும் விழித்திரையை. ஆகவே கண்ணாடி போட்டவர், கற்றாக் வெட்டியவர், சீனி, பிரஷர் உள்ளவர் எல்லாரும் கண் கொடுக்கலாம். சில கண் வங்கிகள் மேல்வயது ஒன்றை வைத்திருப்பதுண்டு, ஆனால் அது இடத்துக்கிடம் மாறும். கடைசியில் படலத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, விசர்நாய்க்கடி நோய், இரத்தப் புற்றுநோய் போன்றவை இருந்தால் எடுக்கமாட்டார்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

மற்ற உறுப்புகளின் கதை வேறு. ஈரல், சிறுநீரகம், இதயம் போன்றவற்றைப் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்துதான் எடுக்கிறார்கள். அதாவது தலையில் அடிபட்டோ, மூளையில் இரத்தம் கசிந்தோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாச இயந்திரத்தில் இருக்கும்போது மூளை முழுதாகச் செயலிழந்துபோனவர். வீட்டில் படுக்கையில் உயிர் போனால் இந்த உறுப்புகள் உதவாது, கண் உதவும். இங்கேயும் வயதை மட்டும் வைத்து யாரையும் தள்ளுவதில்லை. 2024இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் இறந்த 98 வயது முதியவர் ஒருவரின் ஈரலை 72 வயதுப் பெண்ணுக்குப் பொருத்தினார்கள். உங்கள் சிறுநீரகம் பதினைந்து வருடச் சீனியால் பழுதாகியிருக்கலாம், ஈரல் நன்றாக இருக்கலாம். அதைப் பார்ப்பது அன்றைக்கு நிற்கும் வைத்தியரின் வேலை. நீங்களே முன்கூட்டி உங்களைத் தள்ளிவைக்காதீர்கள். உயிரோடு இருக்கும்போது ஒருவருக்குச் சிறுநீரகம் கொடுக்க நினைத்தால் மட்டும் உங்கள் சீனி வருத்தம் பெரும் தடை.

இனிப் பேரன். இலங்கையில் மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது தொடர்பான 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி, இறந்த பின் தன் உடலையோ உறுப்பையோ கொடுக்க 21 வயதுக்கு மேற்பட்டவர் தானே சம்மதம் தரலாம். பேரனுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அவனுடைய விருப்பத்தை இப்போதே தாய் தகப்பனுக்குச் சொல்லிவைக்கட்டும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் கேட்க வேண்டியது வேறொன்று. உங்களுக்கு ஏதும் நடந்தால் முதல் ஒரு மணித்தியாலத்தில் வீட்டில் முடிவெடுக்கப்போவது யார்? கண்ணை நாலிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் எடுத்தாக வேண்டும். நம் பகுதியில் மரண வீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை மலர்ச்சாலைக்கு அனுப்பி மருந்தேற்றி வைக்கிறோம். தாய்மாமன் வரவேண்டும், குடியில் மூத்தவர்கள் வரவேண்டும் என்று காத்திருக்கிறோம். அந்த மரியாதையில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் மகன் விமானம் ஏறுவதற்கு முன்பே கண்ணுக்கான நேரம் முடிந்துவிடும்.

என் பெரியம்மா கண்தான அட்டையில் கையெழுத்து வைத்திருந்தார். அது எங்களுக்குத் தெரியவந்தது எட்டுச்செலவு முடிந்த மறுநாள், காணி உறுதியைத் தேடி அலுமாரியைத் திறந்தபோது. உறுதிக்கு அடியில் நான்காக மடித்து வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் திண்ணையில் இருந்த நேரத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு பேருக்குப் பார்வை கிடைத்திருக்க வேண்டியது.

இத்தனைக்கும் கண் கொடுப்பதில் பெயர்பெற்ற நாடு நம்முடையது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் இங்கிருந்து சிங்கப்பூருக்கு முதல் கண்கள் போயின, ஐஸ் போட்ட தேர்மோஸ் போத்தலில். அறுபது வருடத்துக்கு முன்னால் கடல் கடந்து போன கண், இன்று களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகாமல் நின்றுவிடக் கூடாது.

சமயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் காத்தான்குடி, அக்கரைப்பற்று வாசகர்களும் இப்பக்கத்தைப் படிப்பதால் ஒரு வரி: 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமியச் சட்டவியல் பேரவை, நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றத்தை அனுமதித்திருக்கிறது. மேலும் விவரத்தை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள்.

மருத்துவ மாணவர் படிப்பதற்காக முழு உடலையும் கொடுப்பது தனி ஏற்பாடு. அதற்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் கேட்கலாம். பிரேத பரிசோதனை செய்த உடலை அதற்குப் பொதுவாக ஏற்கமாட்டார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்த ஞாயிறு மகன் அழைக்கும்போது, "எனக்கு ஏதும் நடந்தால் நீ வரும்வரை கண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம், போனிலேயே சரி என்று சொல்லிவிடு" என்று அவரிடம் சொல்லுங்கள். பேரன் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் கேட்டு, கண் எடுப்பவர்களின் தொலைபேசி எண்ணைக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். உயிர் போனதும் இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்துச் சற்று உயர்த்தி, ஃபேனை நிறுத்திவிட வேண்டும். காற்றுப் பட்டால் படலம் காய்ந்துவிடும். இதைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுங்கள். கையெழுத்து வைக்க அவனுக்கு வயது வரவில்லை, இதைச் செய்ய வந்துவிட்டது.